மாங்கனீசுக்கு ஒற்றை எண் போதாது: குடிநீர்ப் பரிசோதனைக் கூடங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆய்வகப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். போர்வெல் தண்ணீருக்கு நீங்கள் தரும் அறிக்கையில் 'மாங்கனீசு 0.6 மி.கி./லி.' என்று ஒரே வரிதான் இருக்கிறது. இந்தியக் குடிநீர்த் தரநிலையான ஐ.எஸ். 10500 சொல்லும் 0.1-ஐயும், வேறு நீராதாரம் இல்லாத இடத்துக்கான 0.3-ஐயும் தாண்டிவிட்டது என்பது அதில் தெரிகிறது. சுத்திகரிப்பு நிலையத்தில் என்ன செய்வது என்பது தெரிவதில்லை.

அந்த 0.6-இல் கரைந்த மாங்கனீசு(II) 0.2, ஆக்சைடுத் துகள் 0.4 என்று வையுங்கள். துகளில் பெரும்பகுதி மணல் வடிகட்டியிலேயே நின்றுவிடும். கரைந்தது நிற்காது; அதை ஆக்சிஜனேற்றித் துகளாக்கத்தான் பெர்மாங்கனேட். 1 மி.கி. மாங்கனீசு(II)-க்கு 1.92 மி.கி. பொட்டாசியம் பெர்மாங்கனேட் என்பது கணக்கு. ஆகவே 0.38 போதும். அறிக்கையை நம்பி 0.6-க்கும் சேர்த்து 1.15 போட்டால், மிச்சம் குழாயில் இளஞ்சிவப்பாக வரும். ஊரார் ஏச்சு ஆபரேட்டருக்கு.

உலோக அளவைக் காட்டும் அணு உறிஞ்சல் கருவியோ ஐ.சி.பி. கருவியோ இதைப் பிரித்துச் சொல்லாது. பெர்அயோடேட் முறையும் எல்லாவற்றையும் பெர்மாங்கனேட்டாக்கி 525 நானோமீட்டரில் அளப்பதுதான். கருவிக்குப் போகும் முன்பே பிரித்தாக வேண்டும், அதுவும் கிணற்றடியிலேயே. பம்பிலிருந்து தெளிவாக வரும் நீரில் காற்றுப் பட்டதும் அதிலுள்ள இரும்பு ஆக்சிஜனேற்றமாகிச் செம்மண்டியாகப் படியும். கரைந்த மாங்கனீசில் ஒரு பங்கும் அதில் ஒட்டிக்கொள்ளும். மறுநாள் ஆய்வகத்தில் வடித்தால் கிடைப்பது பாட்டிலுக்குள் நடந்ததன் அளவு.

செய்முறை எளிது. 0.45 மைக்ரான் சவ்வு வடிகட்டியைச் சிரிஞ்சில் மாட்டி, முதல் 10 மி.லி.யைக் கொட்டிவிட்டு, அமிலத்தில் கழுவிய பாலித்தீன் பாட்டிலில் பிடியுங்கள். அதன் பிறகே அடர் நைட்ரிக் அமிலம், லிட்டருக்கு சுமார் 2 மி.லி.; பி.எச். 2-க்குக் கீழே இறங்கியதா என்று பாருங்கள். வரிசை மாறினால் கதை கெட்டது: அமிலத்தில் இரும்பு(II) மாங்கனீசு டைஆக்சைடை ஒடுக்கிக் கரைத்துவிடும், துகள் 'கரைந்தது' கணக்கில் ஏறிவிடும்.

மொத்த அளவுக்கு வடிக்காத இன்னொரு பாட்டில். அமிலத்தை அதே பாட்டிலில் சேர்த்து ஓரிரவு வையுங்கள். சுவரில் ஒட்டிய கரும்புள்ளிகளை விட்டுவிட்டு ஊற்றினால் நட்டம். நைட்ரிக் அமிலம் மட்டும் டைஆக்சைடைச் சரியாகக் கரைக்காது, அமிலத்தில் சூடாக்கிச் செரிக்கும்போது சில சொட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டும்.

பெர்மாங்கனேட் போட்ட நீரில் 0.45 மைக்ரான் சவ்வையும் தாண்டிப் போகும் மிக நுண்ணிய ஆக்சைடுத் துகள் (கூழ்மம்) இருக்கும்; அது 'கரைந்தது' போலத் தெரியும். லூகோபெர்பெலின் புளூ என்ற சாயப்பொருளைச் சேர்த்தால் மாங்கனீசு(III), (IV), மிஞ்சிய பெர்மாங்கனேட் ஆகியவை நீலம் காட்டும், (II) காட்டாது. இந்தச் சோதனைக்குப் பெர்மாங்கனேட்டில் அளவீட்டுக் கோடு போடும்போது அதன் 1 மோல், 2.5 மோல் டைஆக்சைடுக்குச் சமம் என்பதை மறக்க வேண்டாம். (இதே ஆக்சைடுதான் குளோரின் அளக்கும் டி.பி.டி. சோதனையில் இல்லாத குளோரினை இருப்பதாகக் காட்டுவதும்.)

அறிக்கையில் 'களத்தில் வடித்தது', 'மொத்தம்' என இரண்டு வரிகள், வடித்த நேரம், சவ்வின் துளையளவு: இவ்வளவுதான் கேட்கிறோம். களத்தில் வடிக்காமல் வந்த மாதிரிக்கு முதல் வரியை நிரப்பாமல் 'வடிக்கப்படவில்லை' என்றே எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
குடிநீர்ச் சுத்திகரிப்புப் பணியில் இருப்போர்