உதிரி சிகரெட்டும் மாரடைப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாரடைப்பைத் தவிர்ப்பது பற்றி நாளேடுகளில் வரும் கட்டுரைகள், புகைப்பழக்கம் என்றதும் நாளொன்றுக்கு ஒரு பாக்கெட் தீர்ப்பவரையே மனத்தில் வைத்து எழுதப்படுகின்றன. தேநீர்க் கடையில் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக உதிரியாக வாங்கிப் புகைப்பவர், அது யாருக்கோ சொன்ன அறிவுரை என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறார். உண்மையில் அவர்தான் அதைக் கவனமாகப் படிக்க வேண்டியவர்.

நுரையீரல் புற்றுநோயைப் பொறுத்தவரை, புகைக்கும் அளவு கூடக்கூட ஆபத்தும் ஏறக்குறைய அதே வீதத்தில் கூடுகிறது. இதயத்தின் கணக்கு அப்படியல்ல. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் வெளியிட்ட கட்டுரையின்படி, நாளொன்றுக்கு 20 சிகரெட் புகைப்பவருக்குக் கூடுதலாக ஏற்படும் இதயநோய் ஆபத்தில் பாதியளவு, ஒன்றே ஒன்று புகைப்பவருக்கும் வந்துவிடுகிறது. இரத்தக் குழாயின் உட்சுவர் பழுதடைவதற்கும், தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி இரத்தம் உறைவதற்கும் சிறிதளவு புகையே போதும் என்பதே காரணம். பிறர் விடும் புகையைச் சுவாசிக்கும் வீட்டாருக்கும் இந்த ஆபத்து உண்டு. ஆகவே, 'நிறையக் குறைத்துவிட்டேன்' என்பவரின் நிம்மதிக்கு அரைகுறை ஆதாரமே இருக்கிறது.

பீடி இலையில் சுற்றப்படுவதால் தீங்கு குறைவு என்ற நம்பிக்கையும் நம்மிடையே இருக்கிறது. 52 நாடுகளில் நடத்தப்பட்ட 'இன்டர்ஹார்ட்' ஆய்வில், பீடி மட்டுமே புகைப்போருக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காகவும், புகையிலையை மெல்லுவோருக்கு இரண்டு மடங்குக்கு மேலாகவும் காணப்பட்டது. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்ற நாட்டினரைவிட ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் முன்னதாக வருகிறது என்பதும் அதே ஆய்வின் முடிவுதான்.

உணவைக் குறைத்து மதிப்பிட்டு நான் இதை எழுதவில்லை. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் பொரித்த வடை, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் நாளொன்றுக்கு 5 கிராம் உப்பு என்ற வரம்பை எளிதில் தாண்டவைக்கும் ஊறுகாய், அப்பளம், கருவாடு, காய்கறி பேருக்கு மட்டும் இருக்கும் சோற்றுத் தட்டு, நாள் முழுவதும் நாற்காலியை விட்டு எழாத வேலை ஆகிய எல்லாமே கணக்கில் சேர்பவைதாம். ஆனால் உணவை மாற்றக் குடும்பமே மாற வேண்டியிருக்கிறது. உதிரி சிகரெட்டை ஓர் அரசாணையால் எட்டாமல் செய்ய முடியும்.

சிகரெட் பாக்கெட்டின் இரு முகப்பிலும் 85 விழுக்காடு பரப்பில் எச்சரிக்கைப் படம் இருக்க வேண்டும் என்ற விதி 2016-இல் நடைமுறைக்கு வந்தது. கடைக்காரர் ஒன்றை உருவிக் கையில் கொடுக்கும்போது அந்தப் படம் கடையிலேயே நின்றுவிடுகிறது. சட்டம் பதினெட்டு வயது நிரம்பாதோருக்கு விற்கக் கூடாது என்கிறது; ஆனால் முழுப் பாக்கெட்டின் விலையைக் கொடுக்க இயலாத மாணவனும் ஒன்றை வாங்கிவிட முடிகிறது. விற்பவரும் எளிய மனிதர்தாம், அவர் பிழைப்பை நான் மறக்கவில்லை. எனினும் கர்நாடகம் 2017-இலும் மகாராஷ்டிரம் 2020-இலும் உதிரி விற்பனைக்குத் தடை விதித்திருப்பதால், தமிழக அரசும் அத்தகைய ஆணை பிறப்பித்து, முதலில் பள்ளி, கல்லூரிகளைச் சுற்றியுள்ள கடைகளிலாவது கண்டிப்புடன் நடைமுறைப்படுத்த வேண்டும்.

புகையை அடியோடு நிறுத்தியவருக்கு, அதனால் கூடியிருந்த இதயநோய் ஆபத்து ஓராண்டுக்குள் ஏறக்குறைய பாதியாகிறது. நிறுத்த விரும்புவோருக்கான 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணும் அந்தப் பாக்கெட்டின் மேல்தான் அச்சிடப்படுகிறது என்பதால், உதிரியாக வாங்குவோர் அறியும்படி அதைத் தங்கள் மருத்துவப் பக்கத்தில் தவறாமல் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மதுரை.