படிப்பு வட்டத்தின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், ஞாயிறு மதியத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்து விடைத்தாள் திருத்திய ஆடிட்டர்களுக்கும், மாணவ உறுப்பினர்களுக்கும் வணக்கம். ஈரோட்டில் சி.ஏ. படிப்பவர்களுக்காக நடந்துவரும் நம் படிப்பு வட்டத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கையைச் சபை முன் வைக்கிறேன்.

புதிய பாடத்திட்டம் 2023 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருந்தாலும், அதன்படி சி.ஏ.வின் இரண்டாம், மூன்றாம் நிலைகளான இன்டர், ஃபைனல் தேர்வுகள் முதன்முதலாக நடந்தது 2024 மே மாதத்தில்தான். எட்டுத் தாள் ஆறாகியது. ஆடிட்டரிடம் பெறும் கட்டாயப் பயிற்சியான ஆர்டிக்கிள்ஷிப் மூன்று வருடத்திலிருந்து இரண்டாகியது. எல்லாத் தாளிலும் 30 மதிப்பெண்ணுக்குக் கொள்குறி வினாக்கள் வந்தன. தாள் குறைந்துவிட்டது, இனிமேல் சுலபம் என்று ஒரு பேச்சு கிளம்பியது. முதல் தேர்வு முடிந்து வந்தவர்கள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

முந்தைய ஆண்டுகளில் மாதம் ஒரு சிறப்புப் பேச்சாளரை அழைத்து வெற்றிக்கு வழி கேட்போம். கைதட்டல், சமோசா, குரூப் போட்டோ, அப்புறம் எல்லோரும் வீட்டுக்கு. இந்த ஆண்டு செயற்குழு அதை நிறுத்தியது. கூட்டத்தில் இதற்கு எதிர்ப்பு இருந்தது என்பதையும் பதிவு செய்கிறேன். பேச்சுக்குப் பதிலாக ஞாயிறுதோறும் எழுத்துத் தேர்வு வைத்தோம். 1.45-க்கு வினாத்தாள் கைக்கு வரும். பதினைந்து நிமிடம் படிக்க மட்டும். இரண்டு மணிக்குப் பேனாவை எடுத்தால் ஐந்து மணி வரை எழுத வேண்டும். உண்மையான தேர்வில் பெரும்பாலான தாள்களின் நேரமும் இதுதான். இரவெல்லாம் விழித்துப் படித்துப் பழகியவருக்கு மதியம் மூன்றரை மணிக்குக் கண் சொக்குவது ஏன் என்று அங்கே உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. கேள்விகளுக்கு, சி.ஏ. தேர்வை நடத்தும் இன்ஸ்டிடியூட்டே வெளியிடும் ஆர்.டி.பி. (திருப்புதல் வினாத்தொகுப்பு), எம்.டி.பி. (மாதிரித் தேர்வுத்தாள்), பழைய வினாத்தாள் தவிர வேறு எதையும் தொடவில்லை.

திருத்தும்போது கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆடிட்டிங் தாளில் ஒரு கேள்வி: மார்ச் 31-க்குப் பிறகு, தணிக்கை அறிக்கையில் கையெழுத்தாகும் முன், நிறுவனத்துக்குப் பணம் தரவேண்டிய பெரிய கடனாளி ஒருவர் திவாலாகிறார்; நிர்வாகம் கணக்கை மாற்ற மறுக்கிறது; ஆடிட்டர் என்ன செய்வார்? ஒரு மாணவர் ஆடிட்டரின் கடமைகளைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது, கேள்விக்குப் பதில்தான் இல்லை. திருத்தியவர் அவரைக் கூப்பிட்டு, "சரி, வாயால் சொல்லுப்பா" என்றார். தணிக்கைத் தரநிலை எஸ்.ஏ. 560, கணக்கியல் தரநிலை ஏ.எஸ். 4, கடனாளி திவாலானால் அந்த ஆண்டுக் கணக்கையே திருத்த வேண்டும், நிர்வாகம் மறுத்தால், தொகை பெரிதாக இருக்கும்போது, கணக்கு சரி என்ற வழக்கமான கருத்தை அறிக்கையில் மாற்றித் தர வேண்டும் என்று மளமளவெனச் சொன்னார். இத்தனையும் தெரிந்தும் தாளில் ஒன்றுகூட இறங்கவில்லை. இந்த ஆண்டு நாங்கள் பார்த்த விடைத்தாள்களில் பெரும்பாலானவற்றின் கோளாறு இதுதான். படிப்பு போதாமல் விழுந்தவர்களைவிட, எழுதிப் பழகாமல் விழுந்தவர்களே அதிகம் என்பது செயலாளரின் கருத்து. மறுப்பவர்கள் விடைத்தாள் கட்டை வாங்கிப் பார்க்கலாம்.

ஜி.எஸ்.டி. கணக்கில் வேறு வியாதி. கால்குலேட்டரில் எல்லாவற்றையும் தட்டிவிட்டு, கடைசித் தொகையை மட்டும் எழுதுகிறார்கள். அது தவறினால் மொத்த மதிப்பெண்ணும் போச்சு. இயக்குநர் பயணத்துக்கு வாங்கிய காருக்கு உள்ளீட்டு வரிக் கடன் (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) கிடையாது, பிரிவு 17(5) என்று ஒரு வரி குறிப்பு எழுதியிருந்தால், கூட்டல் பிசகினாலும் அந்தப் படிக்கான மதிப்பெண் நிற்கும்.

தமிழ் வழியில் பள்ளி முடித்த உறுப்பினர்கள் சிலர், தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும் என்பதால் தயங்கினார்கள். அவர்களுக்கு இலக்கண வகுப்பு நடத்தவில்லை. சட்டம் சொல்வது என்ன, கேள்வியில் நடந்தது என்ன, ஆகவே முடிவு என்ன என்று மூன்று சிறிய பத்தியாக எழுதச் சொன்னோம். சட்டத் தாளில் இவர்கள் பிறகு நன்றாகவே எழுதினார்கள். நீளமான வாக்கியங்களில் மாட்டிக்கொண்டவர்கள் ஆங்கில வழிக்காரர்கள்தான்.

விதிகளை அறியாமல் இழப்பதும் நடக்கிறது. தேறுவதற்கு ஒவ்வொரு தாளிலும் 40, மூன்று தாள் கொண்ட ஒரு குரூப்பில் மொத்தம் 150 வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டு குரூப்பும் சேர்த்து எழுதினால் ஒன்றில் 145, மற்றதில் 160 வந்தாலும் மொத்தம் 300-ஐத் தாண்டிவிடுவதால் இரண்டும் தேறிவிடும், எந்தத் தாளிலும் 40-க்குக் கீழே போகாதவரை. இதைக் கணக்கில் எடுக்காமல் பயந்து ஒரு குரூப் மட்டும் எழுதுகிறவர்கள் யோசிக்க வேண்டும். அதைவிட வருத்தம் தருவது இன்னொன்று. 60 எடுத்த தாளுக்கு எக்ஸம்ப்ஷன், அதாவது அடுத்த முறை அதை எழுதாமல் விடும் விலக்கு, வேண்டுமென்றால் அந்தக் குரூப்பின் எல்லாத் தாளையும் எழுதியிருக்க வேண்டும். ஒரு தாள் சொதப்பியதும் அடுத்ததற்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்துவிடுகிறவர், நன்றாக எழுதிய தாளின் பலனையும் சேர்த்து இழக்கிறார். பெற்றோர் தயவுசெய்து இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்டர் ஆண்டுக்கு மூன்று முறை ஆனது பற்றி இருவிதக் கருத்து உண்டு. மே தேர்வு முடிவு ஜூலை 11-இல் வந்தது, செப்டம்பர் 12-இல் அடுத்த தேர்வு. இடையில் இரண்டே மாதம். சில மதிப்பெண்ணில் தவறவிட்டவர்களுக்கு இது வரம். மற்றவர்கள் எல்லா அட்டெம்ப்டும் எழுதியே தீருவது என்று ஃபீஸ் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. 2025 முதல் ஃபைனலும் மூன்று முறை என்று 2025 மார்ச்சில் அறிவித்தார்கள். அதில் செப்டம்பர் தேர்வு டாக்ஸ் ஆடிட் நெருக்கடியோடு மோதும். மாணவர்களுக்கு ஆர்டிக்கிள்ஷிப் தரும் ஆடிட்டர்களான பிரின்சிபல்மார்கள் லீவு விஷயத்தில் கொஞ்சம் மனம் வைக்கும்படி மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன்.

பண்டிகைகளும் நம்மைச் சும்மா விடவில்லை. தீபாவளி அக்டோபர் 31, ஃபைனல் நவம்பர் 3. பொங்கலன்று வைத்திருந்த, முதல் நிலையான ஃபவுண்டேஷன் தாளை ஜனவரி 16-க்கு மாற்றினார்கள். அறிக்கை ஆண்டுக்குள் வராது என்றாலும் இதையும் சொல்லிவிடுகிறேன்: 2025 மே மாதம் இந்திய–பாகிஸ்தான் எல்லைப் பதற்றத்தால் 9 முதல் 14 வரையிலான தாள்கள் தள்ளிப்போயின. அந்த வாரத்தில் புதிய நோட்ஸ் தேடி அலைந்தவர்களும் உண்டு, எழுதிய தாள்களைத் திருப்பிப் பார்த்தவர்களும் உண்டு.

வரிச் சட்ட மாற்றங்களுக்குத் தனிப் பலகை வைத்தோம். 2024 ஜூலை 23 முதல் மூலதன ஆதாய வரி விகிதம் மாறியதும், செய்தித்தாளில் படித்ததை வைத்து எழுத ஆரம்பித்தார்கள். எந்தத் தேர்வுக்கு எந்த நிதிச் சட்டம் என்று இன்ஸ்டிடியூட் அறிவிப்பைப் பார்த்துப் பலகையில் எழுதும் பொறுப்பை இளைய உறுப்பினர்களே ஏற்றுக்கொண்டார்கள்.

தேர்வு நடத்திய மண்டபத்தில் மின்விசிறிகள் பாதி ஓடவில்லை. பலமுறை சொல்லியாயிற்று. வரும் ஆண்டுக்கு வேறு இடம் பார்க்கிறோம், உறுப்பினர்களுக்குத் தெரிந்த இடம் இருந்தால் சொல்லவும். விடைத்தாளுக்கான காகிதமும் ஜெராக்ஸும்தான் பெரிய செலவு. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் அதற்கு முன்பே அவரைப் பார்த்துவிடுவது நல்லது.

விடைத்தாள் திருத்துவதற்கு ஆள் போதவில்லை. புதிதாகத் தேறிய நம் பழைய உறுப்பினர்கள் மாதம் ஒரு ஞாயிறு தந்தால் போதும். பெயர் தர விரும்புவோருக்கான நோட்டு வாசல் மேசையில் இருக்கிறது.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்