திரையில் 1/32, மேடையில் முழு வெளிச்சம்: வயர்லெஸ் டிரிகர் பற்றிய புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்

பொருள்: பழுதான டிரிகருக்கு மாற்று வழங்கக் கோருதல், சேவை மைய ஊழியரின் அவமரியாதை

ஐயா / அம்மையீர்,

வணக்கம். நான் திருமணப் புகைப்படக்காரன். கேமராவிலிருந்து ரேடியோ வழியாக ஃபிளாஷ் விளக்குகளை எரியவைத்து, அவற்றின் திறனையும் மாற்றும் உங்கள் டிரிகரை வாங்கினேன். பழுது இதுதான்: ஏ குரூப்பின் (முன்விளக்குகள்) அளவை மாற்றினால், தொடாத பி குரூப் (பின்விளக்குகள்) முழுத்திறனில் அடிக்கிறது. முழுத்திறனில் 1/32 பங்காக வைத்தது 1/1-இல், அதாவது முழுத்திறனில் எரிகிறது. ஐந்து ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு), அதாவது 32 மடங்கு வெளிச்சம்! திரையோ 1/32 என்றே காட்டுகிறது.

திருமண வரவேற்பில் ஏ குரூப்பைத் தொடாமல் இருக்க முடியுமா? தம்பதியோடு இருவர் நிற்கும்போது ஒரு அளவு. குடும்பமே மேடையேறினால் விளக்கைத் தள்ளி வைத்து அளவைக் கூட்ட வேண்டும். பின்னாலிருக்கும் பி குரூப், தலைமுடிக்கு மெல்லிய ஓரவெளிச்சம் தந்தால் போதும். மணமகளின் பாட்டி கைத்தடியை ஊன்றி மேடையேறிப் பேத்தியின் கன்னத்தைத் தொட்டார். அந்தப் படத்தில் அவருடைய நரைத்த தலை வெறும் வெள்ளைத் திட்டு. கேமரா பதிவுசெய்த மூலக் கோப்பான ரா ஃபைலிலும் மீட்க ஒன்றுமில்லை. அடுத்த படத்துக்குப் பின்விளக்கு எரியவே இல்லை. முழுத்திறனில் அடித்த ஃபிளாஷ் மறுபடி சார்ஜ் ஆக வேண்டாமா?

ஃபிளாஷ்கள், ஸ்டாண்டுகள் அனைத்தையும் சுமந்துகொண்டு உங்கள் சேவை மையத்துக்கு வந்தேன். அங்கிருந்தவர் நாற்காலியிலிருந்து எழவில்லை. ஒரே ஒரு ஃபிளாஷை மேசைமேல் வைத்து டெஸ்ட் பட்டனை அழுத்தி, "எரிகிறதே, அப்புறம் என்ன?" என்றார். இரண்டு குரூப் இருந்தால்தான் பழுது தெரியும் என்றேன். கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "லைட்டைச் சமன் செய்யத் தெரியாதவர்கள்தான் டிரிகரைக் குறை சொல்வார்கள்" என்றார். பிற வாடிக்கையாளர்கள் முன்னால்! இதே தொழிலில் சோறு தின்கிறவன் நான்.

அதற்கு முன்பே தொலைபேசியில் பேசியவர், மண்டபத்தின் வைஃபை குறுக்கிடுகிறது, டிரிகரின் ரேடியோ சேனலை மாற்றுங்கள் என்றார். மாற்றிப் பார்த்தாயிற்று. குறுக்கீடு என்றால் ஃபிளாஷ் எரியாமல் போகலாம். திறன் எப்படி ஏறும்? இன்னொருவர், ரேடியோவுக்குப் பதில் ஒளிச் சைகையால் ஃபிளாஷை இயக்கும் ஆப்டிகல் முறையில் வைக்கச் சொன்னார். கூட்டம் நடுவில் நின்று மறைக்கும் என்பதற்காகத்தானே ரேடியோ டிரிகரை வாங்கினேன்? டிரிகருக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்த பிறகே இந்தக் கோளாறு வந்தது என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். ஒருவரும் குறித்துக்கொள்ளவில்லை. அந்த மேசைக்காரர் பேனாவையே எடுக்கவில்லை.

என் பெயரே போய்விட்டது. இனி எந்தக் குடும்பம் என்னை நம்பி அழைக்கும்?

தயவுசெய்து இரண்டு குரூப்பையும் இணைத்து, ஏ-வை மாற்றி, பி-யை ஃபிளாஷ் மீட்டரில் அளந்து பாருங்கள். உங்கள் பொறியாளர்களுக்கு ஐந்து நிமிட வேலை. பிறகு மாற்று டிரிகர் தாருங்கள், இல்லையேல் பணத்தைத் திருப்பித் தாருங்கள். அந்த ஊழியர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் பில், படங்கள், தொலைபேசிப் பதிவுகளுடன் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன்.

டிரிகரைத் தூக்கிக்கொண்டு இனி அந்தப் படியேற மாட்டேன். ஆளனுப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்