வியாழன் சாயங்கால ஜெபத்துக்குக் கைகொடுத்த எல்லாருக்கும்

கர்த்தருக்குள் பிரியமானவர்களுக்கும், சபைக்கு வராமலே எங்களுக்குப் பாய் விரித்துக் கொடுத்தவர்களுக்கும் ஸ்தோத்திரம்.

முதல் நன்றி, முகப்பைத் திறந்துவிட்ட ஆச்சிக்கு. ஆச்சி கும்பிடும் சாமி பிள்ளையார்பட்டியில் இருக்கிறது. இருந்தும் வாரம் தவறாமல் ஆத்தங்குடிக் கல் பதித்த அந்த முகப்பைக் கூட்டி, ஆறு மணிக்கெல்லாம் விளக்கைப் போட்டு, பானையில் தண்ணீர் வைத்தார்கள்.

அடுத்து, வாசிப்பு அட்டவணையைக் கையால் எழுதிக் கொடுத்த அக்காவுக்கு. முழு வேதாகமத்தையும் வருஷத்துக்குள் முடிப்பதென்றால் 1,189 அதிகாரம். நாளைக்கு மூன்று, சில நாள் நாலு. ஆதியாகமம் ஓடிவிடும், சட்டதிட்டங்கள் நிறைந்த லேவியராகமத்தில் வண்டி நின்றுவிடும். ஒரு வாரம் விட்டுப்போனால் பாக்கி 23 அதிகாரம். அந்தப் பாக்கிக்குப் பயந்தே புத்தகத்தை மூடிவிடுகிறோம். அக்கா புதிய ஏற்பாட்டை மட்டும் எடுத்தார்கள். 260 அதிகாரம், 52 வாரம், வாரத்துக்கு ஐந்து; மிச்சமில்லாமல் வகுபடுகிறது. சனியும் ஞாயிறும் விட்டதைப் பிடிக்க. மத்தேயுவை விட்டு மாற்குவில் தொடங்கியதும் அவர்கள் யோசனைதான். 16 அதிகாரம் என்பதால் நாலாவது வாரத்திலேயே ஒரு புத்தகம் முடித்த தெம்பு வரும். மத்தேயுவில் உள்ளதுபோல் எடுத்த எடுப்பில் வம்ச வரலாற்றில் தடுக்கி விழவும் வேண்டாம். லூக்கா முதல் அதிகாரம் 80 வசனம். அதை இரண்டு நாளாகப் பிரித்து, அதற்கு ஈடாக 2 யோவானையும் 3 யோவானையும் ஒரே நாளில் சேர்த்திருந்தார்கள். இந்த நுணுக்கம் அச்சடித்த அட்டவணைகளில் கிடைப்பதில்லை.

வருஷப்பிறப்பு ஆராதனையில் அவரவர் அந்த வருஷத்துக்கென்று எடுக்கும் வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டையின் பின்பக்கத்தில் "முன்னும் பின்னும் வாசிக்க" என்று எழுதிவைத்த அண்ணனுக்கு நன்றி. எரேமியா 29:11 எல்லார் வீட்டுச் சுவரிலும் இருக்கிறது: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அதற்கு முந்தின வசனத்தில் எழுபது வருஷம் என்று இருப்பது சுவரில் இல்லை. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. சீக்கிரம் திரும்பிவிடுவோம் என்று மூட்டை கட்டிக்கொண்டு உட்காராதீர்கள், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்கிறது 5ஆம் வசனம். அட்டையை மட்டும் பிடித்துக்கொண்டவர் மார்ச் மாதத்தில் "கர்த்தர் கைவிட்டுவிட்டார்" என்று சோர்ந்துபோகிறார். அதிகாரத்தை வாசித்தவருக்குக் காத்திருக்கிற நாளில் செய்ய வேலை இருக்கிறது.

ஓரியூருக்குப் போய்வரும் கத்தோலிக்கக் குடும்பத்தாருக்கும் கடன்பட்டிருக்கிறோம். பவுலின் பிலிப்பியர் நிருபத்தை வாசித்த வாரம், விசுவாசத்துக்காக உயிர்விட்ட குருவானவர் அருளானந்தரை (ஜான் டி பிரிட்டோ) நினைவுபடுத்தியவர்கள் அவர்கள்தான். 1693 பிப்ரவரி 4ஆம் தேதி ஓரியூரில் அவர் வெட்டுண்டார். முந்தின நாள் சிறையிலிருந்து கடிதம் எழுதினார். "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்று பவுல் எழுதியதும் கட்டுண்ட நிலையில்தான். அது தெரிந்த பிறகு அந்த வசனம் வேறு மாதிரி காதில் விழுகிறது.

பிடி அரிசி சேர்த்த அம்மாமார்களுக்கு: உலைக்கு அளந்த அரிசியில், களைவதற்கு முன்னால் ஒரு பிடி. பிடி 40 கிராம் என்று வைத்தாலும் 30 நாளில் 1 கிலோ 200 கிராம். ஈரக்கையால் அள்ளினால் அரிசி கட்டிபிடித்து வண்டு விழும். புழுங்கலையும் பச்சரிசியையும் கலந்தால் ஒன்று குழைய, ஒன்று விறைக்கும். இரண்டு டப்பா வைத்து, காய்ந்த மிளகாய் போட்டுக் கொடுத்தீர்கள். வாங்கிக்கொண்ட வீடுகளின் பெயர் வெளியே வராமல் பார்த்துக்கொண்டதற்குத் தனி நன்றி.

சோர்ந்திருந்தவர்களைப் பார்க்கப் போனவர்களுக்குத்தான் நன்றி நிறையச் சொல்ல வேண்டும். தூக்குவாளியில் கஞ்சியும், கிண்ணத்தில் பருப்புத் துவையலும் கொண்டுபோனீர்கள். சூரைச்செடியின்கீழ் "போதும்" என்று படுத்துவிட்ட எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் முதலில் காட்டியது தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும். (அடை என்றுதான் தமிழ் வேதாகமத்தில் இருக்கிறது, நம் ஊருக்கு வேறென்ன வேண்டும்!) எலியா சாப்பிட்டான், திரும்பப் படுத்தான், தூதன் மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். பிரசங்கம் ஏதும் அங்கே இல்லை. எல்லாம் இழந்து துக்கத்தில் இருந்த யோபுவின் சிநேகிதர்களும் ஏழு நாள் பேசாமல் கூட உட்கார்ந்திருந்த வரைக்கும் சரியாகத்தான் இருந்தார்கள். நீங்கள் கால் மணி நேரம் உட்கார்ந்தீர்கள், ஒரு சங்கீதம் வாசித்தீர்கள், "என்ன பாவம் செய்தீர்கள்" என்று கேட்காமல் எழுந்து வந்தீர்கள்.

கூடவே, இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தவர்களை டாக்டரிடம் கூட்டிப்போன நர்ஸ் அக்காவுக்கு. மாத்திரை சாப்பிடுவது விசுவாசக்குறைவு என்ற பேச்சை அவர்கள் முளையிலேயே கிள்ளினார்கள். சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர்கள் உபவாச ஜெபத்தில் சாப்பிடாமல் வழக்கமான ஊசியைப் போட்டுக்கொண்டால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுவார்கள் என்று எச்சரித்து, அவர்களுக்குக் காலை ஆகாரத்தைத் தாங்களே எடுத்துவந்தார்கள்.

பெரிய எழுத்து வேதாகமம் வாங்கித்தந்தவருக்கும், நேபுகாத்நேச்சார் என்ற பாபிலோன் ராஜாவின் பெயரைத் தடங்கலில்லாமல் வாசித்த பிள்ளைகளுக்கும் நன்றி.

ஒன்று பாக்கி. ஆச்சி வீட்டு முகப்பில் நாலு தூக்குவாளிகள் இருக்கின்றன, ஒன்றுக்கு மூடி இல்லை. உரியவர்கள் வருகிற வியாழக்கிழமை எடுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
வியாழன் ஜெபக்குழுவினர்,
காரைக்குடி