தோளில் இருப்பது வேறு, காலரில் இருப்பது வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் போட்டித்தேர்வு இணைப்பில் வந்த ராணுவப் பதவிகள் அட்டவணை, முப்படைத் தலைமைத் தளபதியைப் பீல்டு மார்ஷலுக்கும் மேலே வைத்து, ஐந்து நட்சத்திரமும் கொடுத்திருக்கிறது. உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம் பக்கத்துப் பிள்ளைகள் இதைக் கத்தரித்து நோட்டில் ஒட்டிப் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறோம்.

2019 டிசம்பரில் உருவாக்கப்பட்ட அந்தப் பொறுப்பு நான்கு நட்சத்திரப் பொறுப்புதான். அடிப்படைச் சம்பளமும் ராணுவத் தலைமைத் தளபதிக்குள்ள அதே 2,50,000 ரூபாய். வயது வரம்பில்தான் வித்தியாசம்: இவருக்கு 65 வரை நீளலாம், ராணுவத் தளபதிக்கு 62 வயது அல்லது மூன்று ஆண்டு, எது முந்துகிறதோ அது.

தரைப்படையில் ஐந்து நட்சத்திரம் பீல்டு மார்ஷலுக்கு மட்டும். பதவி உயர்வு வரிசையில் படிப்படியாக ஏறி அடைகிற இடமல்ல அது. அரசு நினைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. திருச்செங்கோடு பக்கத்துக் குமாரமங்கலம் குடும்பத்தைச் சேர்ந்த பி.பி. குமாரமங்கலமும், செங்கல்பட்டில் பிறந்த சுந்தர்ஜியும் ராணுவத் தலைமைத் தளபதிகளாக இருந்தும் ஜெனரலோடுதான் நின்றார்கள். மானெக்‌ஷாவுக்கு 1973 ஜனவரி 1-ல் அந்தத் தகுதி வந்தது; ஜனவரி 15-ல் தளபதி நாற்காலியை விட்டார். ஆக, அந்தத் தகுதியோடு அவர் படையை நடத்தியது இரண்டே வாரம். கரியப்பா 1953-ல் ஓய்வு பெற்றவர். அவருக்கு 1986-ல் கொடுத்தார்கள். இந்த இருவரோடு பட்டியல் முடிகிறது. அட்டவணையில் மூன்றாவதாக வந்திருக்கும் அர்ஜன் சிங் விமானப்படை மார்ஷல். 2002-ல் கிடைத்த அந்தத் தகுதி இதற்குச் சமமானது, ஆனால் தரைப்படையுடையது அல்ல. கடற்படையில் இதுவரை யாருக்கும் தரப்படவில்லை. தேர்வில் "இந்திய ராணுவத்தில்" என்று கேட்டால் இரண்டு, "முப்படைகளிலும் ஐந்து நட்சத்திரம் பெற்றவர்கள்" என்று கேட்டால் மூன்று.

பீல்டு மார்ஷலுக்கு ஓய்வு கிடையாது. ஆயுள் முழுக்கப் பணியில் இருப்பவராகவே கணக்கு. எனவே 2008-ல் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலமான மானெக்‌ஷாவை "ஓய்வுபெற்ற பீல்டு மார்ஷல்" என்று போட்டதும் பிழைதான். பாகிஸ்தானில் 2025 மே மாதம் ஆசிம் முனீருக்கு இதே பட்டம் கொடுத்து, தளபதி நாற்காலியிலும் அவரையே வைத்திருந்தார்கள். நம் வழக்கத்தோடு அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பெரிய குழப்பம் நட்சத்திரத்தை எண்ணுவதில் இருக்கிறது. "மூன்று நட்சத்திர அதிகாரி" என்றால் லெப்டினென்ட் ஜெனரல். அவருடைய தோளைப் பாருங்கள், ஒரு நட்சத்திரம்கூட இருக்காது: மேலே அசோகச் சின்னம், கீழே குறுக்காக ஒரு கோலும் ஒரு வாளும். அந்த மூன்று நட்சத்திரம் சிவப்புக் காலர் பட்டையிலும் கார் தகட்டிலும்தான் தெரியும். தோளில் மூன்று நட்சத்திரம் மட்டும் இருந்தால் கேப்டன்; அதற்கு மேலே அசோகச் சின்னமும் சேர்ந்தால் பிரிகேடியர், ஆனால் அவர் காலரில் ஒன்றுதான். மேஜர் ஜெனரலுக்குத் தோளில் கோல்-வாளுக்கு மேல் நட்சத்திரம் ஒன்று, காலரில் இரண்டு. ஜெனரலுக்குத் தோளில் சின்னம், நட்சத்திரம், கோல்-வாள் மூன்றும் உண்டு, காலரில் நான்கு. பீல்டு மார்ஷலின் தோளில் கோல்-வாளைச் சுற்றித் தாமரை வளையம் வரும். தங்கள் படத்தில் எல்லாருக்கும் இரண்டு வாள் வரைந்திருக்கிறார்கள். இணையத்தில் எந்த நாட்டுப் படமோ கிடைத்ததை எடுத்தால் இப்படித்தான் ஆகும்.

2023 ஆகஸ்ட் 1 முதல் பிரிகேடியரும் அதற்கு மேற்பட்டவர்களும் ரெஜிமென்ட் வேறுபாடில்லாமல் ஒரே மாதிரித் தொப்பி, பெல்ட் அணிகிறார்கள். பழைய படங்கள் வேறாக இருக்கும், அது பிழையல்ல.

ஊருக்குள் வைக்கிற வரவேற்பு பிளெக்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பக்கத்துப் பையன்களில் பெரும்பாலோர் சிப்பாயாகச் சேர்பவர்கள். அந்த வழியில் உச்சம் சுபேதார் மேஜர். அதற்கு மேல் ஜனவரி 26, ஆகஸ்ட் 15 நாட்களில் அறிவிக்கப்படும் கௌரவ லெப்டினென்ட், கௌரவ கேப்டன். "கௌரவ" என்பதை விட்டுவிட்டு அச்சடிக்கக் கூடாது. சுபேதாருக்கும் தோளில் இரண்டு நட்சத்திரம், லெப்டினென்டுக்கும் இரண்டு. சுபேதாருக்கு அதோடு சிவப்பு-மஞ்சள்-சிவப்பு நாடா ஒன்று இருக்கும். டிசைன் போடுகிறவர்கள் அந்த நாடாவைத்தான் முதலில் வெட்டிவிடுகிறார்கள். வீட்டார் சீருடைப் படத்தை அப்படியே கொடுத்து, தோள் பகுதியைத் தொடாதே என்று சொல்லிவிட்டால் போதும்.

திருத்தம் வெளியிடும்போது எழுத்தோடு படத்தையும் மாற்றிப் போடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
முன்னாள் படைவீரர்கள் சிலர்,
திருநகர், மதுரை.