925 எங்கிருந்து வந்தது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வெள்ளியின் தரங்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை ஆசையாகப் படித்தேன். ஆனால் ஒரு இடத்தில் மனம் ஒப்பவில்லை. ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி கொண்ட தரத்துக்கு ‘ஸ்டெர்லிங்’ என்று பெயர்; ‘ஈஸ்டர்லிங்’ எனப்பட்ட ஜெர்மானிய வணிகர்களின் பெயரே அப்படி ஆனது என்று கட்டுரை முடிவாகச் சொல்லிவிட்டது.

இடைக்காலத்திலிருந்தே சொல்லப்படும் கதைதான் அது. ஆனால் அழுத்தி உச்சரிக்கும் முதல் அசை அப்படியே உதிர்ந்துபோவது எளிதில் நடக்காது என்பதால் சொல்லாய்வாளர்கள் பலர் அதை ஏற்பதில்லை. இங்கிலாந்தை நார்மன் மன்னர்கள் ஆண்ட காலத்துப் பென்னி என்ற வெள்ளிக் காசுகள் சிலவற்றில் நட்சத்திரம் உண்டு; ‘குட்டி நட்சத்திரம்’ என்று பொருள்படும் சொல்லே ‘ஸ்டெர்லிங்’ ஆகியிருக்கலாம் என்பது இன்னொரு விளக்கம். அதிலும் ஒரு இடறல் இருக்கிறது. நட்சத்திரம் போட்ட காசுகள் சில ஆண்டுகளே வெளிவந்தன. இதைக் காட்டித்தான் நாணய ஆய்வாளர் பிலிப் கிரியர்சன், ‘உறுதியான’ என்று பொருள்படும் வேரிலிருந்து அந்தப் பெயர் வந்திருக்கும் என்றார். தீராத வழக்கைத் தீர்ந்ததாக எழுதலாமா?

சரி, பெயர் போகட்டும். 925 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. எனக்கு அதுதான் பெரிய குறை. பழைய ஆங்கில எடைக் கணக்கில் ஒரு பவுண்டுக்கு 12 அவுன்ஸ், ஒரு அவுன்ஸுக்கு 20 பென்னிவெயிட், மொத்தம் 240. ஸ்டெர்லிங் தரத்தில் அதில் 11 அவுன்ஸ் 2 பென்னிவெயிட், அதாவது 222 பங்கு, வெள்ளி. மீதி 18 பங்கு பெரும்பாலும் செம்பு. தனி வெள்ளி மென்மையானது, புழக்கத்தில் சீக்கிரம் வளைந்து தேயும். 222-ஐ 240-ஆல் வகுத்துப் பாருங்கள், 0.925 வரும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட நிமிடத்தில் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது.

‘பிரிட்டானியா’ தரத்தின் கதை இன்னும் சுவையானது. வெள்ளிக் காசுகளைச் சுரண்டியும் உருக்கியும் பாத்திரமாக்குவது பெருகிவிட்டதால், 1697-இல் இங்கிலாந்து பாத்திர வெள்ளியின் தூய்மையைக் காசு வெள்ளிக்கு மேலே உயர்த்தியது: 240-க்கு 230 பங்கு, ஆயிரத்துக்கு ஏறத்தாழ 958. இனி காசை உருக்கி அப்படியே பாத்திரம் செய்ய முடியாது! ஸ்டெர்லிங் பாத்திரங்களில் குத்திய நடக்கும் சிங்க முத்திரைக்குப் பதிலாக, பிரிட்டன் நாட்டைப் பெண்ணாக உருவகித்த பிரிட்டானியாவின் அமர்ந்த கோல உருவம் வந்தது. அதுவே தரத்தின் பெயராகிவிட்டது. 1720-இல் ஸ்டெர்லிங் தரத்துக்கு மறுபடி அனுமதி கிடைத்தது.

அப்புறம், பழைய ரஷ்யப் பொருள்களில் காணும் ‘84’ முத்திரையை 84 சதவீதம் என்று நினைப்பவர்கள் உண்டு. அங்கே பவுண்டுக்கு 96 ஜொலோட்னிக் என்ற சிறு எடைகள். 96-க்கு 84 என்றால் ஆயிரத்துக்கு 875. ‘ஜெர்மன் சில்வர்’ எனப்படும் உலோகக் கலவையிலோ வெள்ளி ஒரு துளியும் கிடையாது; செம்பு, நிக்கல், துத்தநாகம் மட்டுமே.

அடுத்த முறை தரத்தின் பெயரை அச்சிடும்போது, ஆயிரத்துக்கு எத்தனை பங்கு வெள்ளி என்பதையும் பக்கத்திலேயே போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகர்