உன் தோழி சொன்னதைப் பற்றி

அன்புள்ள மகளுக்கு,

நேற்று நீ போனை வைத்த பிறகு வெகு நேரம் தூக்கம் வரவில்லை. மூன்று வாரமாக அவளோடு பேசவில்லை என்று நீ சொன்னதும் எனக்குப் பேச்சு வரவில்லை, "எல்லாம் சரியாயிடும்மா" என்று ஏதோ சொல்லி முடித்துவிட்டேன், அது பதிலே இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது உன் குரல் தழுதழுக்கிறதா என்று பார்த்துப் பார்த்து வார்த்தையை மாற்ற வேண்டியிருக்காது.

நீ எழுதிய அறிக்கையைப் பற்றி, கூட்டத்தில் அத்தனை பேர் முன்னால் "இது இன்னும் தயாராகலை, நடுவுல வர்ற கணக்கு எதையும் நிரூபிக்கலை" என்று அவள் சொன்னாள். உனக்கு முகம் செத்துப்போனது. இத்தனை வருஷம் கூடவே இருந்தவள், கூட்டம் முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம் இல்லையா என்று கேட்டாய். சொல்லியிருக்கலாம். அந்தக் கோபம் நியாயமானது, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அவள் சொன்ன இடம் தப்பா, சொன்ன விஷயம் தப்பா என்பவை இரண்டு கேள்விகள். நேற்று நீ பேசும்போது இரண்டும் ஒன்றாகக் கலந்து கிடந்தன.

நீ மாமா என்று கூப்பிடும் என் நண்பனைப் பார்த்து வளர்ந்தவள்தானே நீ. வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுவான். யதார்த்தவாதி வெகுஜன விரோதி என்பார்களே, அவன் விஷயத்தில் அது அப்படியே நடந்தது, நெருங்கிப் பழகிய எத்தனையோ பேர் ஒவ்வொருவராக விலகிப் போனார்கள். நான் நேர் எதிர், யார் மனமும் நோகாமல் இதமாகப் பேசுகிறவன் என்று பெயர் எடுத்தவன். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு அவனுக்கு நான் செய்த ஒரு கெடுதலை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

நீ சின்னவளாக இருந்தபோது, தெரிந்த ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து தொழில் செய்யப்போவதாகச் சொல்லி என் அபிப்பிராயம் கேட்டான். அந்த ஆள் கணக்கு வழக்கில் சுத்தமில்லை என்பது எனக்குத் தெரியும், கண்ணால் பார்த்திருக்கிறேன். அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வராமல் "எதுக்கும் கொஞ்சம் யோசிச்சுச் செய்யேன்" என்றேன். என் அகராதியில் அதற்கு "வேண்டவே வேண்டாம்" என்று அர்த்தம். என்னைப் போன்ற இன்னொருவனாக இருந்தால் அந்த இழுப்பிலேயே புரிந்துகொண்டிருப்பான். அவன் வீட்டுக்குப் போய் நிஜமாகவே யோசித்தான், யோசித்துவிட்டுச் சேமிப்பு முழுவதையும் போட்டான். இரண்டு வருஷத்தில் எல்லாம் போனது. அப்போது போய் "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றேன். அவன் கோபப்படவில்லை. புரியாமல் என்னைப் பார்த்து, "நீ யோசிக்கச் சொன்னே, யோசிச்சேன். வேண்டாம்னு சொல்லவே இல்லையே" என்றான். அந்தப் பார்வையை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

நம்மைப் போன்றவர்கள் வார்த்தையை மடித்துக் கொடுத்துவிட்டு, எதிராளி பிரித்துப் பார்த்துக்கொள்வான் என்று நம்பி இருந்துவிடுகிறோம். மாமாவைப் போன்றவர்கள் பிரிப்பதில்லை. அவர்கள் எதையும் மடித்துக் கொடுப்பதில்லை என்பதால் மற்றவர்களும் அப்படித்தான் என்று நினைக்கிறார்கள். உன் தோழி உன்னை நோகடித்த ஒவ்வொரு தடவையும் நீ என்ன சொன்னாய்? "பரவாயில்லை, ஒண்ணுமில்லை" என்றுதான் சொல்லியிருப்பாய், உன்னைப் பெற்றவன் எனக்குத் தெரியாதா. ஒண்ணுமில்லை என்றால் அவளுக்கு நிஜமாகவே ஒன்றுமில்லை. உன்னிடம் அவள் செய்ததெல்லாம் தேதிவாரியாக ஒரு பட்டியலாக இருக்கிறது. அவளிடம் அப்படி ஒரு பட்டியல் இருப்பதே தெரியாது. மூன்று வாரமாக நீ பேசாமல் இருப்பதற்கு வேலை அதிகம் என்று காரணம் சொல்லியிருக்கிறாய், அதையும் அவள் நம்பிக்கொண்டிருப்பாள்.

இதமாகச் சொல்வது எப்போதும் நல்லது என்று நானும் வெகு காலம் நம்பினேன். 1977 மார்ச் 27 அன்று தெனெரீஃப் தீவில் பனிமூட்டத்துக்குள் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். அதில் ஒரு விமானம் கிளம்ப ஓடத் தொடங்கிய பிறகு, அதன் பொறியாளருக்கு அந்த இன்னொரு விமானம் ஓடுபாதையை விட்டு இன்னும் போகவில்லையோ என்று சந்தேகம் வந்தது. கேட்டார். கேள்வியாகத்தான் கேட்டார். மிக மூத்த கேப்டன் அழுத்தமாகப் பதில் சொன்னதும் பேச்சு அதோடு நின்றது. அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளில் கீழே இருப்பவர் துணிந்து சொல்லவும் மேலே இருப்பவர் காது கொடுக்கவும் விமானிகளுக்குத் தனிப் பயிற்சியே கொண்டுவந்தார்கள். அந்தக் கேள்வியைப் படித்தபோது என் "யோசிச்சுச் செய்யேன்" தான் நினைவுக்கு வந்தது.

அதற்காக, வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு "நான் உண்மையைத்தானே சொன்னேன்" என்று நிற்பவர்கள் எல்லோரும் நல்லவர்கள் என்று சொல்லவில்லை. சிலருக்கு உண்மை ஒரு சாக்கு, குத்துவதுதான் நோக்கம். நான் ஒன்றைக் கவனிப்பேன்: அந்த ஆள் தனக்கு மேலே இருப்பவரிடமும் அதே மாதிரி பேசுகிறாரா, தன்னைப் பற்றி யாராவது அப்படிச் சொன்னால் தாங்குகிறாரா, சொல்லிவிட்டு ஓடிப்போகாமல் கூட நிற்கிறாரா. உன் தோழி அதே கூட்டத்தில் தன் பகுதியிலும் பிழை இருக்கிறது என்று சொன்னதாக நீயே சொன்னாய், அதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுக் கடந்து போனாய். எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் பட்டது. அப்புறம், போன வருஷம் உனக்கு அந்தப் பொறுப்பு கிடைத்தபோது அவள் "நீதான் இதுக்குச் சரியான ஆள்" என்று சொன்னதை எத்தனை தடவை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டாய்! நானும் உன் அம்மாவும் அதையேதான் சொன்னோம், எங்கள் வார்த்தை உனக்கு அவ்வளவு தூரம் உள்ளே இறங்கவில்லை. அவள் சும்மா சொல்ல மாட்டாள் என்று உனக்குத் தெரியும்.

மாமா மாறவில்லை, நானும் மாறவில்லை. இரண்டே விஷயம் பழகிக்கொண்டோம், அதற்கே பல வருஷம் ஆனது. ஏதாவது மனதில் பட்டால் "இப்ப சொல்லட்டுமா, அப்புறம் சொல்லட்டுமா" என்று கேட்பான். நாலு பேர் முன்னால் கேட்டால் நான் அப்புறம் என்பேன், அவன் நிறுத்திக்கொள்வான். அதே மாதிரி அவன் என்னிடம் ஒன்றைக் கேட்டால் நான் முதலில் ஆமாம் அல்லது இல்லை என்று சொல்லிவிட வேண்டும், இதமாகச் சொல்வதெல்லாம் அதற்குப் பிறகுதான். யாரிடமாவது கறாரான ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டுமென்றால் இப்போதெல்லாம் எனக்குப் போன் செய்து எப்படி ஆரம்பிக்கட்டும் என்று கேட்கிறான்.

அவளிடம் போய்ப் பேசு. குறிப்பாகச் சொல்லாதே, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அவளே கேட்கட்டும் என்று காத்திருக்காதே, அவள் கேட்க மாட்டாள். "நீ சொன்னது சரி, எல்லோர் முன்னாலும் சொன்னது எனக்கு ரொம்ப வலித்தது, இனிமேல் தனியாகச் சொல்" என்று அவள் பேசும் பாணியிலேயே சொல். பயமாக இருக்கும். எம்மா லெவின், டாயா கோஹன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2018-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அதில் சிலரை மூன்று நாள் எல்லோரிடமும் முழு உண்மையாகப் பேசச் சொன்னார்கள், முன்கூட்டிப் பயந்த அளவுக்கு அது கசப்பாக இல்லை, உறவும் முறியவில்லை. எனக்கு இது தெரிந்துகொள்ள இத்தனை வயதானது.

"நீ சொன்னது சரி" என்று ஏன் எழுதினேன் என்று நினைப்பாய். கூட்டத்துக்கு நாலு நாள் முன்னால் அந்த அறிக்கையை எனக்கும் அனுப்பியிருந்தாய். முழுவதும் படித்தேன். நடுப்பகுதிக் கணக்கு நீ சொல்ல வந்ததைத் தாங்கவில்லை என்று எனக்கும் பட்டது. நீ இரண்டு ராத்திரி தூங்காமல் எழுதியது என்று தெரிந்ததால் "ரொம்ப நல்லா இருக்கும்மா" என்று மட்டும் சொன்னேன். அன்றைக்கு நான் வாயைத் திறந்திருந்தால் நாலு நாள் இருந்தது, திருத்தியிருப்பாய். அவள் அதைக் கூட்டத்தில் சொல்ல வேண்டியே வந்திருக்காது. அவள் மேல் உள்ள கோபத்தில் பாதி என் மேல் வர வேண்டியது.

திருத்தியதை மறுபடி எனக்கு அனுப்பு. இந்தத் தடவை பென்சிலோடு உட்கார்ந்து படிக்கிறேன்.

அன்புடன்,
அப்பா